புதுப்பிப்பு: வெனிஸில் 14 பேருக்கு இரவுச் சாப்பாடு

வெனிஸில் 14 பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியுமா, பில்லை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன். சாப்பிட்டாயிற்று!

முன்பதிவுதான் காப்பாற்றியது. இரவுச் சமையல் ஏழரைக்குத்தான் தொடங்கியது. குழந்தைகளை வழியில் பீட்சா துண்டு கொடுத்துச் சமாளித்தோம். தனித்தனி பில் கிடையாது என்றார்கள். ஒருவர் கார்டைத் தேய்த்தார், அப்புறம் அறையில் கணக்குப் பார்த்தோம்.

பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு 3 யூரோ. சித்தப்பா கொதித்துவிட்டார். அது மேசைக் கட்டணம். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. டிப்ஸ் தனியாக வைக்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவுமில்லை.

சைவக்காரர்கள் கவனத்துக்கு: பார்மிஜானோ சீஸில் பாலைத் திரியவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருள் உண்டு. அத்தை மரினாரா பீட்சாவோடு நிறுத்திக்கொண்டார். அதில் தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், சீஸே கிடையாது.