ஷெட்ல கிடக்கிற பழைய பூச்சி மருந்தை என்ன பண்றது? (கோத்தகிரி)

மேரக்காய்பந்தல்:
வணக்கம். மாமனார் வீட்டு ஷெட்டை காலி பண்றோம், உருளைக்கிழங்கு போட்ட காலத்து மருந்து பாட்டிலுங்க, அரை பாக்கெட் மாலத்தியான் பவுடர் எல்லாம் கிடக்கு, ஒரு பாட்டில்ல லேபிளே இல்ல. குழி தோண்டி புதைச்சிடுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. ஆனா எங்களுக்கு கீழதான் ஊத்து இருக்கு, அந்த தண்ணியதான் கீழ் வீட்டுக்காரங்க குடிக்கிறாங்க. இன்னொன்னு, முட்டைகோஸ்ல புழுவும் நத்தையும் தாங்கல, மருந்தில்லாம சமாளிக்க முடியுமா?

குன்னூர்வாசி:
தயவுசெஞ்சு புதைக்காதீங்க அக்கா, டாய்லெட்லயும் ஊத்தாதீங்க. நம்ம மலைல மழை பேஞ்சா மண்ணுல இருக்கிறதெல்லாம் ஊத்துக்கும் ஓடைக்கும்தான் இறங்கும், அங்கிருந்து நேரா பவானி, அதை நம்பி கீழ எத்தனை ஊர் இருக்கு. எரிக்கவும் வேணாம், புகையே விஷம். 2016-ல வந்த திடக்கழிவு விதியிலயே பூச்சி மருந்து டப்பா, ட்யூப்லைட், காலாவதி மாத்திரை எல்லாம் வீட்டு அபாயக் குப்பைன்னு தனியா சொல்லிருக்கு, அதை வாங்கி வைக்க இடம் பண்ண வேண்டியது பஞ்சாயத்து, நகராட்சி பொறுப்பு. போய் கேளுங்க, விடாதீங்க. லேபிள் இல்லாத பாட்டிலை திறக்கவோ மோந்து பாக்கவோ கூடாது. கிளவுஸ் போட்டு, மரத்தூள் போட்ட பக்கெட்ல நிமித்தி வச்சு, மேல பெருசா "விஷம்"னு எழுதி, புள்ளைங்க கைக்கு எட்டாம பூட்டி வைங்க.

கேத்தி தோட்டம்:
புழுவுக்கு, கோஸ் நாத்து நடறதுக்கு 15 நாள் முன்னாடியே சுத்தி கடுகு விதைச்சிடுங்க, அந்துப்பூச்சி முட்டை வைக்க அங்க போயிடும். அசுவினி (இலைல சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வந்தா வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் அடிங்க. நம்ம குளிருக்கு வேப்பெண்ணெய் பாட்டிலோட உறைஞ்சு போகும், கெட்டுப்போச்சுன்னு தூக்கி போட்றாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில பாட்டிலை வச்சா இளகிடும். நத்தைக்கு சாம்பல் போடச் சொல்வாங்க, ஒரு மழைக்கு கரைஞ்சிடும், வேலைக்கு ஆகாது. ராத்திரி பாத்தில ஈரச்சாக்கு விரிச்சு வைங்க, காலைல புரட்டினா அடில கும்பலா ஒட்டிட்டு இருக்கும், பொறுக்கி உப்புத்தண்ணில போடுங்க.

மேரக்காய்பந்தல்:
ரொம்ப நன்றி. லேபிள் நல்லா இருக்கிற பாட்டிலை பக்கத்து தோட்டக்காரர் கேக்குறாரு, குடுக்கலாமா?

குன்னூர்வாசி:
காலாவதி தேதி தாண்டலன்னா, அவர் போட்டிருக்கிற பயிர் பேரு லேபிள்ல இருந்தா, அதே பாட்டிலோட குடுங்க. கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல மட்டும் மாத்தவே மாத்தாதீங்க, எத்தனை உயிர் அதுல போயிருக்கு. லேபிள்ல இருக்கிற முக்கோணம் சிவப்பா இருந்தா கடுமையான விஷம், அதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்.

கேத்தி தோட்டம்:
காலி பாட்டிலை மூணு தடவை அலசி, அந்த தண்ணிய ஸ்ப்ரேயர் டேங்க்லயே ஊத்தி பயிருக்கு அடிச்சிட சொல்லுங்க, வாய்க்கால்ல விடக்கூடாது. அப்புறம் பாட்டில்ல ஓட்டை போட்டுடணும், இல்லன்னா யாராவது மண்ணெண்ணெய் வாங்க எடுத்துட்டு போயிடுவாங்க. தப்பித்தவறி யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காம 108-க்கு போன் பண்ணுங்க, அந்த பாட்டிலையும் கையோட ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.