உள்ளே அமரும் கயாக்கில் தூண்டில் போடுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

சென்ற ஆண்டு ஆனி மாதம் நாவற்குடாப் பக்கம் மட்டக்களப்பு வாவியில் கவிழ்ந்தேன். அதற்குப் பிறகு என் கயாக்கில் (ஆள் அமர்ந்து துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பழைய கயாக் வாங்கி மீன்பிடிக்கு ஆயத்தப்படுத்தும் தம்பிமார் இப்போது அதிகமாகியிருப்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது 3 மீற்றர் நீளமான சிவப்புக் கயாக். கால் நீட்டி உள்ளே அமரும் வகை. வாங்கிய வாரமே தூண்டில் தடியை நிறுத்திவைக்கும் தடிதாங்கிகள் இரண்டைப் பூட்டினேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டி, அத்தாங்கு (மீனை அள்ளும் கைவலை), இரைப்பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் அதில் குவித்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது.

அன்று பகல் கச்சான் காற்று எழும்பிவிட்டது. கரைக்குத் திரும்ப நினைத்த நேரத்தில் ஒரு கொடுவா கொளுவியது. நல்ல மீன். படகோரம் கொண்டுவந்து, அத்தாங்கை எடுக்க உடம்பை முறுக்கிப் பின்னால் கை நீட்டினேன். அதே கணத்தில் பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. பின்கூடையின் பாரம் அந்தப் பக்கமே சாய, நான் அமர்ந்திருந்த குழியின் விளிம்பு நீருக்குள் இறங்கியது. மேலே அமரும் கயாக்கில் ஏறும் தண்ணீர் அதன் துளைகளால் வெளியே போய்விடும். நம்முடையதில் வந்த தண்ணீர் வந்ததுதான். இரண்டு மூச்சு விடுவதற்குள் குழி நிறைந்து, பின்பகுதி அமிழ்ந்து, மூக்கு மட்டும் மேலே நின்றது.

ஆழம் நெஞ்சளவுதான். ஆனால் கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. 150 லீற்றர் தண்ணீர் ஏறிய படகு 150 கிலோ கூடிய படகு. ஓர் ஆள் சேற்றில் நின்று அதைப் புரட்ட முடியாது. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்ததால் பதறாமல் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஐயா வந்து கயிறு போட்டு இழுத்தார். கரையில் படகுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "இதற்குள் மிதப்பு ஒன்றும் வைக்கவில்லையா தம்பி?" என்று கேட்டார். தடிதாங்கிக்குச் செலவழித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்போது முன்மூக்கிலும் பின்பக்கத்திலும் மூடி இறுக்கிய 1.5 லீற்றர் வெறும் சோடாப் போத்தல்கள் 30 இருக்கின்றன. அந்த 45 லீற்றர் இடத்தில் தண்ணீர் புக முடியாது. படகு நிறைந்தாலும் அமிழாது. போத்தல்களைச் சும்மா போட்டால் கவிழும்போது மிதந்து வெளியே ஓடிவிடும். பழைய வலைத்துண்டில் பொதிந்து, உள்ளே கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் சம அளவு வையுங்கள்.

தடிதாங்கிக்குத் துளை போடுவதற்கு முன் கயாக்கைத் தரையில் வைத்து அமர்ந்து துடுப்பு வலியுங்கள். முதல் தடவை நான் பூட்டிய இடத்தில் ஒவ்வொரு வலிப்பிலும் துடுப்பு தாங்கியில் இடித்தது. இப்போது முழங்காலுக்குச் சற்று முன்னால், முதுகை இருக்கையிலிருந்து எடுக்காமலே கை எட்டும் இடத்தில் இருக்கிறது. சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு, அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே துளையிட்டேன். சுருள் சுருளாகச் சிவப்பு பிளாஸ்டிக் உதிர்ந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. தண்ணீர் கசியாமல் இருக்க எல்லோரும் சிலிக்கன் பூசச் சொல்வார்கள். இந்த வகை பிளாஸ்டிக்கில் சிலிக்கன் சரியாக ஒட்டாது. சில நாளில் தோல்போல உரிந்து வந்துவிட்டது. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி இடையில் வைத்து, அடியில் அகலமான வாஷர் போட்டு இறுக்கினேன். இன்றுவரை கசிவில்லை. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நம் வாவியின் உப்பு சாதாரண இரும்பை விட்டுவைக்காது.

பின்கூடையைக் கழற்றிவிட்டேன். கனமான எதுவும் இனி விளிம்புக்கு மேலே இல்லை. அத்தாங்கு என் தொடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உயரமான இருக்கை போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஒரு சாண் உயர்ந்தாலே இந்தப் படகு ஆடத் தொடங்கிவிடும்.

பொத்துவிலிலிருந்து:

அண்ணன் மீனை எங்கே வைப்பது என்று எழுதவில்லை. எங்கள் களப்பில் அதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் இங்கே முதலை இருக்கிறது. ஆரம்பத்தில் நான் பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் படகோரம் நீரில் தொங்கவிடுவேன். ஒரு மாலை கண்டல் மரங்களின் ஓரம் நின்றபோது கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டது. படகு முழுதும் அதன் பக்கம் திரும்பியது. தூக்கிப் பார்த்தால் இரண்டு மீனும் தலையோடு மட்டும் இருந்தன. முதலையா வேறெதுவுமா என்று நின்று பார்க்கவில்லை, வலித்துக் கரை சேர்ந்தேன்.

வாப்பா அன்றே ஒரு மூடியுள்ள வாளியை எடுத்துத் தந்தார். இப்போது கால்களுக்கு நடுவில் அதுதான் இருக்கிறது. மீனும் உள்ளே, கழுவிய இரத்தத் தண்ணீரும் உள்ளே. நீரில் எதையும் தொங்கவிடுவதில்லை. பொழுது சாய்ந்த பிறகு கண்டல் ஓரம் போவதும் இல்லை.

வாழைச்சேனையிலிருந்து:

என் பாடம் நங்கூரத்தில் கிடைத்தது. ஒன்றரைக் கிலோ நங்கூரத்தின் கயிற்றைக் கைக்கு எட்டும் இடம் என்று குழியின் பக்கத்திலேயே கட்டியிருந்தேன். வற்று நீர் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கியதும் படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே திரும்பி, கயிறு கட்டிய பக்கம் கீழே அமுங்கியது. முடிச்சு இறுகிவிட்டது, விரலால் அவிழ்க்க முடியவில்லை. இரை வெட்டும் கத்தி கையில் இருந்ததால் அறுத்தேன். நங்கூரம் போனது, நான் வீடு வந்தேன். இப்போது படகின் முனையில் ஒரு வளையம் இருக்கிறது. கயிறு அதன் வழியாகப் போய்ப் பக்கத்தில் உருவு முடிச்சில் நிற்கிறது. ஒரே இழுப்பில் அவிழும்.

கல்லடியிலிருந்து:

கயிறு விடயத்தில் நீங்கள் சொன்னது மிகச் சரி. கத்தியை இன்றே அங்கியின் நெஞ்சுப் பக்கத்தில் கட்டிவிட்டேன். வாவிக்குள் எனக்கு நங்கூரமே தேவைப்படுவதில்லை. தோணிக்காரர் செய்வதைப் பார்த்து ஒரு நீளக் கம்பைச் சேற்றில் ஊன்றிப் பின்முனையை அதில் கட்டுகிறேன். முகத்துவாரத்தை வெட்டி வாவி நீர் கடலுக்கு ஓடும் நாட்களில் அங்கே பாலமீன்மடுப் பக்கம் இந்தப் படகோடு போகவே மாட்டேன்.

கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்: போத்தல் கட்டி முடிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில், துணைக்கு ஒருவரை நிறுத்தி, வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். எனக்கு நான்காவது தடவைதான் கால் சிக்காமல் வெளியே வர முடிந்தது. முழங்காலுக்கு மேலே குறுக்காக வைத்திருந்த இரைத்தட்டுதான் தடுத்தது. அதை இப்போது கட்டுவதில்லை, இரண்டு ரப்பர் வளையத்தில் மாட்டிவைக்கிறேன். முழங்கால் தட்டினாலே கழன்றுவிடும்.