வைவாவுக்கு 58 ஸ்லைடு: எதை வைப்பது, எதை வெட்டுவது?

காவிரிக்கரை: எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எனக்குப் பொது வாய்மொழித் தேர்வு (வைவா). தஞ்சை வட்டார ஒப்பாரிப் பாடல்கள்தான் ஆய்வு. இயல் வாரியாகப் போட்டதில் 58 ஸ்லைடு ஆகிவிட்டது. பேசக் கிடைப்பதோ அரை மணி நேரம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது வேறு, துறைக் கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. களப்பணியில் பதிவு செய்த பாடல்களையும் ஒலிக்கவிட ஆசை. எங்கிருந்து சரிசெய்வது?

எழுத்தாணி: முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள், இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. அப்புறம் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றையே முழுக்க வையுங்கள். விண்டோஸ் பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கும் வசதி உண்டு. பிடிஎஃப் நகல் ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும்.

கும்பகோணத்து டீச்சர்: எழுத்தாணி சொன்னதைச் செய்துவிடுங்கள் அம்மா. ஆனால் 58 ஸ்லைடுதான் பெரிய சிக்கல். தேர்வாளர் ஆய்வேட்டைப் படித்துவிட்டுத்தான் வருவார்; இயல் ஒன்று, இயல் இரண்டு என்று அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டாம். ஒரு பாட்டை எடுங்கள். கணவனை இழந்தவள் பாடுவதில் பூவும் மஞ்சளும் தாலியும் எப்படி வருகின்றன? அந்த நான்கு வரியை மட்டும் பெரிதாகப் போட்டு, பேசப்போகும் சொல்லுக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், யாருக்காகப் பாடினார் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். அவையோர் ஸ்லைடைப் படித்துக்கொண்டிருந்தால் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

அட்டவணைகளை அழிக்க வேண்டாம், கடைசியில் தள்ளுங்கள். யாராவது கேட்டால் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போகும். கேள்விக்குப் பதில் சொல்லும்போது பி விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள்.

ஒலியைக் கட்டாயம் வையுங்கள். அதற்கு முன் பாடிய அம்மாவிடம் சபையில் போடலாமா என்று கேட்டுவிடுங்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று தயங்குகிற ஊர்களில் உங்களை நம்பிப் பாடிய குரல் அது. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

காவிரிக்கரை: நன்றி டீச்சர். பாடிய அம்மாவின் மகளிடம் இன்றே பேசுகிறேன். அரங்கில் பழைய புரொஜக்டர், நீலமுனை விஜிஏ கேபிள்தான் இருக்கிறது. சத்தம் வருமா?

எழுத்தாணி: விஜிஏவில் படம் மட்டும்தான் போகும். மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்குத் தனி வயர் வேண்டும்.

கும்பகோணத்து டீச்சர்: முதல் நாளே போய்ப் போட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, பாட்டின் சொல் விளங்குகிறதா என்று கேளுங்கள். விளங்கவில்லை என்றால் ஒலிக்கும் வரிகளைத் திரையிலும் போடுங்கள்.