துரை பங்களா பியானோவுக்கு அரக்கா, பாலியெஸ்டரா?

சிப்புட்வாசி
சுங்கை சிப்புட்டுக்கு அருகே, செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களாவை இடிப்பதற்கு முன், அங்கிருந்த கிராண்ட் பியானோவை எங்கள் குடும்பம் வாங்கியது. ஆங்கிலேயத் தயாரிப்பு, தொடர் எண்ணின்படி 1900-ஐ ஒட்டிய காலத்தது. தந்திகளும் சுத்தியல்களும் சரிசெய்யப்பட்டுவிட்டன. மஹோகனி வெனீரின் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகட்டின்) மேலுள்ள பூச்சுதான் கறுத்து, முதலைத் தோல் போல வெடித்துக் கிடக்கிறது. அனைத்தையும் சுரண்டிவிட்டுப் பாலியெஸ்டர் (கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு) அடிப்பதா, பழையபடி அரக்கு பாலிஷ் (ஸ்பிரிட் என்னும் ஆல்கஹாலில் கரைத்த அரக்கைத் தேய்ப்பது) போடுவதா? எங்கள் கூடத்தில் குளிர்சாதனம் இல்லை.

கூலிம் ஸ்பிரேக்காரர்
பாலியெஸ்டர்தான் ஐயா. அரக்கின் மேல் ஈரக் குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் இளகும். ஸ்பிரிட் சிந்தினால் கரைந்தே போகும். தீபாவளிக்கு உறவினர் நிறைந்திருக்கும் கூடத்தில் அதைக் காப்பாற்றுவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருக்கும். கண்ணாடி போல மின்னும் இன்றைய கறுப்புப் பியானோக்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் பூசியவைதாம்.

தைப்பிங் தச்சர்
அவை புதிய பலகையில் பூசப்பட்டவை. நூறாண்டு கடந்த வெனீர், விலங்குப் பசையில் ஒட்டப்பட்டு, ஈரத்துக்கு ஏற்ப இன்னும் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் தடித்த, வளையாத ஓட்டைப் போர்த்தினால், அசையும் இடத்தில் ஓடு வெடிக்கும், வெடித்ததை ஒட்டுப்போட்டு மறைப்பதும் கடினம். அரக்கில் கீறல் விழுந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் மீண்டும் தேய்த்தால் புதுப்பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஈரக் குவளைக்கு அது தோற்கும் என்பது உண்மை. ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதத்தைத் தடுப்பதில் பல பூச்சுகளை அது விஞ்சுகிறது. மழைக்குப் பேர்போன ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலிம் ஸ்பிரேக்காரர்
அண்ணன் சொல்லும் அந்த மழைதான் என் கேள்வியும். அடைமழை நாளில் அரக்கைத் தேய்த்தால் ஸ்பிரிட் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பூச்சு பால் போல வெளுக்கும். பஞ்சுப் பொட்டலத்தைப் பிடித்து வாரக்கணக்கில் தேய்க்கத் தெரிந்த கைகளும் இன்று எத்தனை இருக்கின்றன? பாலியெஸ்டர் வேண்டாமென்றால், தின்னரில் கரைத்துத் தெளிக்கும் லேக்கராவது அடியுங்கள்.

தைப்பிங் தச்சர்
வெளுப்பது லேக்கருக்கும் நேரும் என்பது ஸ்பிரே பிடிப்பவருக்குத் தெரியாததல்ல. மேலும், நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் தளவாடத் தொழிலில் பரவியதே 1920-களில்தான்; இந்தப் பியானோ அதற்கு முந்தியது.

ஈப்போ சுருதிக்காரர்
இருவரும் சுரண்டுவதை முடிவான காரியமாக எடுத்துக்கொண்டே வாதிடுகிறீர்கள். முதலில் அங்கே இருப்பது எது என்று பார்க்க வேண்டாமா? கண்ணில் படாத ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள், அரக்கானால் ஒட்டும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் அது லேக்கர். அரக்காக இருந்தால், வெடிப்புகளை ஸ்பிரிட்டால் இளக்கி மீண்டும் ஒன்றுசேரச் செய்யலாம்; வெனீரின் பழைய நிறமும் தப்பும். பெட்டியின் பூச்சு எதுவானாலும் நாதம் கெடாது. தந்திகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகையின் மேல் மட்டும் எவரும் எதையும் புதிதாகப் பூசிவிடாதீர்கள். அதன் எடை கூடினால் அதிர்வு மாறும்.

சிப்புட்வாசி
நேற்று மாலை செய்து பார்த்தேன். பின்காலின் உட்புறத்தில் அரை நிமிடம் வைத்த பஞ்சு, கெட்டித் தேநீரில் தோய்த்தது போலப் பழுப்பேறியது. விரல் வைத்தால் பிசுபிசுத்தது. மேல்மூடியில் ஸ்பிரிட் ஒன்றும் செய்யவில்லை, தின்னர் தொட்டதும் இளகியது. எந்தத் துரை காலத்திலோ மூடிக்கு மட்டும் லேக்கர் அடித்திருக்கிறார்கள். ஆகவே உடலையும் கால்களையும் சுரண்டாமல் இளக்கிப் பார்க்கப் போகிறேன். குவளைகள் வந்து அமர்வது மூடியில்தான் என்பதால் அதற்கு மீண்டும் லேக்கரே இருக்கட்டும்.

தைப்பிங் தச்சர்
உடலும் மூடியும் இரு நிறமாகத் தெரியும். நான் சம்மதிக்கவில்லை.

கூலிம் ஸ்பிரேக்காரர்
நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணன். மூடியைத் தனியாளாகத் தூக்க வேண்டாம், மூன்று பேராவது வேண்டும். கீல் ஆணிகளை உருவியதும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஓர் உலர்ந்த வாரம் வரட்டும், வேனோடு வருகிறேன்.