புதுப்பிப்பு: முதல் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் வாங்கியாச்சு

10 மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) ஸ்டெயர் எல்பி10 எடுப்பதா, மொரினி 162இஐ எடுப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ரேஞ்சில் மூத்தவர்களிடம் இரண்டையும் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு மொரினியை எடுத்தேன்.

முடிவு செய்தது கிரிப்தான், அதாவது கைப்பிடி. அங்கிருந்த ஸ்டெயரின் மீடியம் கிரிப் என் கைக்குப் பெரிது. கையை உயர்த்தும்போதெல்லாம் ஃப்ரண்ட் சைட் (குழல் முனையில் இருக்கும் குறிமுள்) இடப்பக்கம் ஓடியது. மொரினியின் ஸ்மால் கிரிப்பில் கண்ணை மூடி உயர்த்தித் திறந்தாலும் சைட் நடுவிலேயே நிற்கிறது. இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

மின்னணு ட்ரிகர் என்பதால் காற்றைச் செலவழிக்காமல் வீட்டிலேயே டிரை ஃபயர் (குண்டு போடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது) செய்கிறேன், தினமும் அரை மணி நேரம். போட்டி விதிப்படி ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, 500 கிராமுக்குக் குறையக்கூடாது. நான் 520இல் வைத்திருக்கிறேன். அப்புறம், பெல்லட் (குண்டு) விட்டம் 4.49 மி.மீ.ஆ 4.50 மி.மீ.ஆ என்று இனிதான் சுட்டுப் பார்க்க வேண்டும்.