தீபாவளிப் பலகாரமும் பேரக்குழந்தைகளின் பல்லும்: வழி சொல்லுங்கள்

கேள்வி: காவேரிக்கரைப் பாட்டி (தஞ்சாவூர்)

தீபாவளிக்கு மகள் பெங்களூரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறாள். பேரனுக்கு ஆறு வயது நடக்கிறது, பேத்திக்கு நான்கு. அண்மையில் பேரனின் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை என்று அடைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மகள் ஒரே பிடிவாதமாக இருக்கிறாள்: "இந்த வருடம் இனிப்பே வேண்டாம் அம்மா, முறுக்கு, ரிப்பன் பக்கோடா மட்டும் போதும்."

அவள் கவலை நியாயமானது. பிள்ளை இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுததை வீடியோ அழைப்பில் நானே பார்த்தேன். ஆனால் அதிரசம் இல்லாமல் எங்கள் வீட்டில் தீபாவளி விடிந்ததே இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் போகுமுன் இடித்து, பாகில் கிளறி வைத்துவிட்டேன். என் மாமியார் கையிலிருந்து நான் கற்ற பதம் அது. அதைப் பேரப்பிள்ளைகள் நாவால் அறியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெல்லம் சர்க்கரை அளவுக்குப் பல்லைக் கெடுக்காது என்கிறார்களே, அது மெய்யா? முறுக்கு தந்தால் பயமில்லையா? எண்ணெய்க் குளியல் முடிந்ததும் கொடுக்கும் லேகியத்தை என்ன செய்வது? தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டை நீட்டுவார்கள், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில் 1: வைகை பல் மருத்துவர் (மதுரை)

அம்மா, வணக்கம். குழந்தைகளுக்கான பல் மருத்துவம் பார்க்கிறேன். தீபாவளி கழிந்த வாரங்களில் எங்கள் நாற்காலி காலியாக இருப்பதே இல்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதிரசத்தைச் சுடுங்கள். எந்த வேளையில் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் கிருமிகள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் கூடக் கூட பிஎச் என்னும் அளவு இறங்கும்; அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்து, கரைந்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு லட்டுத் துண்டு வாய்க்குள் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மதியச் சாப்பாட்டோடு இரண்டு அதிரசம் தின்னும் பிள்ளையைவிட, அதே இரண்டைக் கிள்ளிக் கிள்ளி மாலைவரை தின்னும் பிள்ளைக்குத்தான் சொத்தை வரும்.

ஸ்வீடனில் வீபெஹோல்ம் என்னும் மனநலக் காப்பகத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரை அதிகம் கெடுக்கவில்லை. வேளைகளுக்கு நடுவே தின்ற ஒட்டும் டாஃபிதான் பற்களை அரித்துத் தள்ளியது. மறுத்துப் பேச முடியாத நோயாளிகளின் பற்களைப் பலிகொடுத்து அறிந்த உண்மை அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

வெல்லத்திலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கிருமி நிறம் பார்ப்பதில்லை.

முறுக்கை நம்பி இருந்துவிட வேண்டாம். மென்ற மாவு கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். உமிழ்நீர் அந்த மாவுச்சத்தையும் சர்க்கரையாக உடைத்துவிடும். கொறித்துக்கொண்டே இருப்பதற்குத் தோதான பண்டம் என்பதால், உங்கள் மகள் நினைப்பதைவிட அதில் ஆபத்து கூடுதல்.

லேகியம் வெல்லமும் தேனும் நெய்யும் சேர்ந்து பல்லிடுக்கில் ஒட்டுவது. குளிக்கும் முன் பல் துலக்கிவிடுங்கள். சுண்டைக்காய் அளவு லேகியம், பின் ஒரு தம்ளர் தண்ணீர், சற்று நேரத்தில் இட்லி. அத்துடன் அந்த வேளை முடிந்தது.

பேரனுக்கு ஆறு வயது என்றீர்கள். தலையை மடியில் சாய்த்து, கைபேசி வெளிச்சத்தில் கீழ்த்தாடையின் கடைசியைப் பாருங்கள். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஈறைக் கிழித்துக்கொண்டு புதுப்பல் முளைத்திருக்கலாம். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரக் கடைவாய்ப்பல், ஆயுளுக்கும் அது ஒன்றுதான். பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதன்மேல் படாமலே போகும். பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமாகக் குறுக்கே நுழைத்துத் தேயுங்கள்.

பதில் 2: பொருநைக்காரர் (திருநெல்வேலி)

மருத்துவர் சொன்னதோடு பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேர் சிகிச்சை செய்து உறை போட்ட பல் இருப்பவர்கள் பொரிவிளங்காய் உருண்டையை நேராகக் கடிக்க வேண்டாம். என் அண்ணனுக்கு உறையோடு பல்லும் பிளந்தது, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இப்போது உருண்டையை உலக்கையால் தட்டி, தூளாக்கித்தான் பரிமாறுகிறோம். பாசிப்பருப்பும் சுக்கும் மணக்கிற அந்தத் தூளைக் கரண்டியால் அள்ளித் தின்பதும் அருமைதான்.

பதில் 3: இரு பிள்ளைகளின் அப்பா (கோயம்புத்தூர்)

பாட்டியம்மா, அக்கம்பக்கத்துத் தட்டுக்கு எங்கள் வழி இது. பிள்ளைகள் கையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொடுத்து அனுப்புவோம். யார் எதைக் கொடுத்தாலும் "நன்றி அத்தை" என்று வாங்கி டப்பாவில் போட வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் டப்பாவைத் திறந்து பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். கொடுத்தவருக்கும் மனக்குறை இல்லை, பிள்ளைக்கும் ஏமாற்றம் இல்லை.

உண்மையான சிக்கல் இரவில்தான். பட்டாசு வெடித்துவிட்டு வந்த களைப்பில் சோபாவிலேயே தூங்கிவிடுவார்கள். அதனால் கம்பி மத்தாப்பு எடுக்கும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துப் பல் துலக்கிவிடுகிறோம். பிறகு தண்ணீர் மட்டும்.

வைகை பல் மருத்துவர்

கோவைக்காரர் சொன்னது மிகச் சரி. தூக்கத்தில் உமிழ்நீர் வற்றிவிடும், காவலில்லாத நேரம் அது. ஃப்ளோரைடு உள்ள பற்பசை, இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு போதும். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்கிவிட வேண்டும்.

காவேரிக்கரைப் பாட்டி

எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். மகளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அதிரசம் மதியச் சாப்பாட்டோடு, முறுக்கு நான்கு மணிக்கு ஒரே தடவை என்று சம்மதித்துவிட்டாள். வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொன்னேன், பேரனுக்குப் பின்பல் பாதி முளைத்திருக்கிறதாம். அதற்கு ஏதோ பூச்சு இருக்கிறதாமே, இங்கே வந்ததும் போட்டுவிடலாமா?

வைகை பல் மருத்துவர்

சீலன்ட் என்பார்கள் அம்மா, பள்ளங்களை மூடும் பூச்சு. பல்லை ஈரமில்லாமல் வைத்துத்தான் பூச வேண்டும். பாதி ஈறுக்குள் இருக்கும்போது அது சரியாக ஒட்டாது. அடைத்துவிட்ட மருத்துவரிடமே பெங்களூரில் காட்டட்டும், பல் முழுதாக வெளிவந்ததும் பூசிவிடுவார்.