டெய்சிக்கு ஒரு தமிழ்ப்பெயர்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டெய்சிப் பூவுக்கு ‘வெண்சாமந்தி’ என்று நேற்று வந்த முன்மொழிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சாமந்தி, பூக்கடையில் முழம் போட்டு விற்கிற பூ. அதிலேயே வெள்ளை வகை இருக்கிறது. அந்தச் சொல்லைப் படித்ததும் வாசகருக்கு மாலைதான் நினைவுக்கு வரும். டெய்சியோ இங்கிலாந்துப் புல்தரையில் தரையோடு தரையாக இலை விரித்து, விரலளவுக் காம்பில் ஒற்றைப் பூவாக நிற்பது.

நான் இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதை. 1786 ஏப்ரலில் உழும்போது தன் கலப்பை புரட்டிப்போட்ட டெய்சியைப் பார்த்து அவர் பாடியது. முதல் வரியிலேயே அதைச் செந்நுனி கொண்ட சின்னப் பூ என்று விளிக்கிறார். வெள்ளை இதழ்களின் நுனியில் அப்படிச் சிவப்பு ஏறுவது உண்டு. ‘வெண்’ என்று தொடங்கினால் அந்த வரியே இடறுகிறது.

ஆங்கிலப் பெயரின் வேரைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பகலின் கண்’ என்று பொருள். இரவில் கூம்பி, வெளிச்சம் வந்ததும் விரிவதால் அமைந்த பெயர். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இந்தப் பொருளைச் சொல்லியே பூவைப் போற்றுகிறார். அது விரிவதைக் காணக் காலையில் புல்வெளிக்குப் போகிறார், இருளுக்கு அஞ்சி அது உறங்கப் போவதைக் காண மாலையில் ஓடுகிறார். தமிழில் ‘பகல்’ என்பதற்குச் சூரியன் என்றும் பொருள் இருப்பது கூடுதல் பொருத்தம். ஆகவே ‘பகற்கண்’ என்று வைக்கலாமா?

மறுமொழி:

ஐயா, வேர்ப்பொருள் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் மாலைக்கண் என்ற நோயை அறிந்த தமிழர் காதில் பகற்கண்ணும் நோயாகத்தான் விழும். கண்ணை விழியாக்கிப் ‘பகல்விழி’ என்று சொல்லிப் பாருங்கள். விழி என்றால் கண். விழித்தலும் அதில் கேட்கிறது. பகலில் விழிக்கிற பூவுக்கு இரண்டும் வேண்டியவைதானே.

தாவரவியல் மாணவி என்ற முறையில் இன்னொன்று. கவிதையில் ‘இதழ்’ இருக்கட்டும், அறிவியல் கட்டுரையில் வேண்டாம். டெய்சியைப் போலவே நம் வேலியோரத்து மூக்குத்திப்பூவும் சூரியகாந்திக் குடும்பம்தான். இன்று காலை ஒன்றைப் பறித்து உருப்பெருக்கியில் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் வெளிறிய ஐந்து ‘இதழ்கள்’, ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள். ஒன்றை இழுத்தால் அடியில் தனிச் சூலகமும் பிளவுபட்ட சூல்முடியும் சேர்ந்து வருகின்றன. அது இதழே அல்ல, ஒரு முழுப் பெண்பூ. நடுவில் உள்ள மஞ்சள் பொட்டும் நெருங்கி நிற்கும் குட்டிப் பூக்கள்தாம். டெய்சியின் அமைப்பும் இதுவே.

ஓரத்தில் உள்ளவற்றைக் ‘கதிர்ப்பூ’ என்றால் நெற்கதிர், கதிர் மஞ்சரி (கதிர்போல் அமைந்த பூங்கொத்து) என்று குழப்பம் வரும். ‘விளிம்புப்பூ’, ‘நடுப்பூ’ போதும் என்பேன். இந்தக் குட்டிப் பூக்கள் சேர்ந்த மொத்தத் தலைக்குப் பாடநூலில் உள்ள சிரமஞ்சரி இருக்கவே இருக்கிறது.

மறுமொழி:

பகல்விழி என்றே மாற்றிவிட்டேன், அம்மா. வரியில் அழகாக உட்கார்ந்துவிட்டது. இந்தப் புல்தரை டெய்சிக்கு மட்டும் இந்தப் பெயரைப் பட்டியலில் சேர்ப்போம். டெய்சி என்றே சிலர் அழைக்கும், ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வளரும் ஜெர்பராப் பூவுக்கு வியாபாரிகள் சொல்லும் பெயரே நீடிக்கட்டும். விளிம்புப்பூவுக்கு மற்றவர்களும் கருத்துச் சொல்லுங்கள். ‘ஓரப்பூ’ இன்னும் எளிதோ என்று எனக்குத் தோன்றுகிறது.